இரண்டு ஆங்கில வாக்கியங்களைப் பிழையில்லாமல் இணைப்பது எப்படி?

“தி பஸ் வாஸ் லேட்.” இதை யாரும் தப்பாக எழுதுவதில்லை. “ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.” இதுவும் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுது என்று சொன்னால்தான் பேனா நின்றுவிடுகிறது. கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுகிறவர், பாண்டியில் விடுதி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து விருந்தினருக்கு மெயில் அனுப்புகிறவர், பண்ருட்டியில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை என யாராக இருந்தாலும் இடறுகிற இடம் இதுதான்.

சொல் தெரியாததால் வரும் சிக்கல் இல்லை இது. பிகாஸ், ஆல்தோ, அன்டில் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, அதற்குப் பின்னால் என்ன வரலாம் என்ற மூன்றும்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராதவை. தமிழில் நாம் எப்படி இணைக்கிறோம் என்பதைக் கவனித்தாலே ஆங்கிலத்தில் எங்கே தப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் தமிழ் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: வினையை எண்ணுங்கள்

“பஸ் தாமதமாக வந்ததால் இன்டர்வியூவைத் தவறவிட்டேன்.” இதில் முற்றுவினை ஒன்றே ஒன்று: தவறவிட்டேன். ‘வந்ததால்’ என்பது தனியாக நிற்காது. தமிழில் எத்தனை செயல் வந்தாலும் கடைசியில் வருவதுதான் முற்று. “காலையில் எழுந்து, குளித்து, டீ குடித்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போனேன்” என்று ஐந்து செயலைச் சொன்னாலும் முற்றுவினை ‘போனேன்’ மட்டும்தான். மற்றதெல்லாம் எச்சம்.

ஆங்கிலம் அப்படியில்லை. அங்கே பிகாஸ், ஆல்தோ, வென் போன்ற சொல்லோடு வரும் பகுதியிலும் காலம் காட்டும் முழு வினை இருக்கும். “தி பஸ் வாஸ் லேட்” என்பதில் ‘வாஸ்’, “ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ” என்பதில் ‘மிஸ்ட்’. இரண்டு முழு வினை. அப்படியானால் நடுவில் ஓர் இணைப்புச் சொல் போதும். மூன்று முழு வினை இருந்தால் இரண்டு இணைப்புச் சொல். ரயில் பெட்டிக்குக் கொக்கி போடுகிற கணக்குதான் இது.

“பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.” சரி.

“தி பஸ் வாஸ் லேட், சோ ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.” இதுவும் சரி.

“பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், சோ ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.” இது தப்பு. வினை இரண்டு, இணைப்பும் இரண்டு. ஒன்று அதிகம்.

“தி பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி இன்டர்வியூ.” இதுவும் தப்பு. இணைப்பே இல்லை. கமாவால் இரண்டு முழு வாக்கியங்களைக் கட்டிவைக்க முடியாது.

நம் பகுதியில் நான் அதிகம் பார்க்கிற பிழை அந்த மூன்றாவது வகைதான். “ஆல்தோ ... பட்”, “ஆஸ் ... சோ”, “சின்ஸ் ... சோ” என்று இரட்டையாகப் போடுவது. “மழை பெஞ்சாலும், ஆனா நாங்க போய்ட்டோம்” என்று பேச்சில் இரண்டு முறை அழுத்திச் சொல்கிற பழக்கம் நமக்கு உண்டு. பேச்சில் அது அழகுதான். ஆங்கில எழுத்தில் அதற்கு இடமில்லை. ‘ஆல்தோ’ போட்டால் ‘பட்’டை எடுத்துவிடுங்கள், ‘பட்’ வேண்டுமென்றால் ‘ஆல்தோ’வை எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பழைய இலக்கணப் புத்தகங்களில் “தோ ஹி இஸ் புவர், யெட் ஹி இஸ் ஆனஸ்ட்” என்று இருக்கிறதே? இருக்கிறது. ‘தோ’வும் ‘யெட்’டும் ஜோடியாக வருவது பழைய ஆங்கில நடை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. ‘யெட்’ இல்லாமல் எழுதிப் பழகுங்கள்.

எண்ணும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ‘டு’ முன்னால் வரும் வினையையும் ‘இங்’ மட்டும் ஒட்டிய வினையையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. “ஐ வென்ட் டு நெய்வேலி டு மீட் மை பிரதர்” என்பதில் ‘வென்ட்’ மட்டும்தான் முழு வினை. அதனால் இணைப்பே தேவையில்லை. அடுத்து, “ஐ திங்க் ஹி இஸ் இன் பாண்டி” என்பதில் இரண்டு வினை இருக்கிறது, இணைப்பு கண்ணில் படாது. அங்கே ‘தட்’ மறைந்து நிற்கிறது. வேண்டுமென்றால் வெளியே எடுத்து “ஐ திங்க் தட் ஹி இஸ் இன் பாண்டி” என்றும் எழுதலாம். ஹூ, விச், வேர் போன்றவையும் இணைப்புச் சொல் கணக்கில்தான் சேரும்.

இரண்டாம் படி: தமிழ் விகுதியைப் பிடியுங்கள்

தமிழில் இணைப்பு வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வந்ததால், வந்தாலும், வந்தால், வந்தபோது, வந்தவுடன், வரும்வரை. ஆங்கிலத்தில் அதே பகுதிக்கு முன்னால், தனிச் சொல்லாக நிற்கும். ஆகவே, எழுத நினைக்கிற தமிழ் வாக்கியத்தில் விகுதி எந்த வினையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வினை இருக்கிற பகுதியைத் தனி வாக்கியமாக்கி, அதன் தலைப்பில் ஆங்கில இணைப்புச் சொல்லை வையுங்கள். “மழை கொட்டியதால் கலெக்டர் விடுமுறை விட்டார்” என்பதில் விகுதி ‘கொட்டியதால்’ என்பதில். ஆகவே ‘பிகாஸ்’ மழை வாக்கியத்தின் முன்னால்தான் வர வேண்டும்: “பிகாஸ் இட் ரெயின்ட் ஹெவிலி, தி கலெக்டர் டிக்ளேர்ட் எ ஹாலிடே.” இதைத் திருப்பி, “தி கலெக்டர் டிக்ளேர்ட் எ ஹாலிடே பிகாஸ் இட் ரெயின்ட் ஹெவிலி” என்றும் எழுதலாம். ‘பிகாஸ்’ மழையை விட்டுப் பிரியவே கூடாது. பிரிந்தால், விடுமுறை விட்டதால் மழை பெய்தது என்று ஆகிவிடும்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். ‘-ததால்’ என்றால் பிகாஸ், ஆஸ், சின்ஸ். ‘-தால்’ என்றால் இஃப். ‘-போது’ என்றால் வென் அல்லது வைல். செயல் நீண்டுகொண்டிருந்தால் வைல். ‘-தவுடன்’ என்றால் ஆஸ் சூன் ஆஸ். முன், பிறகு இரண்டுக்கும் பிஃபோர், ஆஃப்டர். “ஆஸ் சூன் ஆஸ் பாரதி என்டர்ட் பிரிட்டிஷ் டெரிட்டரி இன் 1918, தி போலீஸ் அரெஸ்டட் ஹிம்” என்று எழுதினால், பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் இருந்துவிட்டு வெளியே வந்ததும் கைதாகிக் கடலூர் சிறையில் வைக்கப்பட்ட கதை ஒரே வரியில் தொடங்கிவிடுகிறது.

‘சின்ஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. “சின்ஸ் புதுச்சேரி வாஸ் அண்டர் ஃபிரெஞ்ச் ரூல், தி பிரிட்டிஷ் போலீஸ் குட் நாட் அரெஸ்ட் பாரதி தேர்” என்பதில் காரணம் சொல்கிறது. “புதுச்சேரி ஹேஸ் பீன் வித் இந்தியா சின்ஸ் 1954” என்பதில் தொடங்கிய காலத்தைச் சொல்கிறது. இரண்டாவது பொருளில் வரும்போது தொடங்கிய ஆண்டோ நாளோ அதன் பின் வர வேண்டும், வினை ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ சேர்ந்து வர வேண்டும். “ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்பது நேர்காணலில் தினமும் கேட்கிற பிழை. பத்து ஆண்டு என்பது நீளம், தொடக்கம் இல்லை. நீளத்துக்கு ‘ஃபார்’: “ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.”

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை.

‘-ஆலும்’ என்ற விகுதி நம்மை ஏமாற்றும். “மழை பெய்தாலும் வந்தான்”, “மழை பெய்தாலும் வருவேன்” இரண்டிலும் ‘பெய்தாலும்’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொல். முதல் வாக்கியத்தில் மழை பெய்தேவிட்டது, நடந்த செய்தி: “ஆல்தோ இட் ரெயின்ட், ஹி கேம்.” இரண்டாவதில் மழை பெய்யுமா என்றே தெரியாது: “ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கம்.” கடைசி முற்றுவினையைப் பாருங்கள். வந்தான் என்று நடந்து முடிந்ததைச் சொன்னால் ஆல்தோ. வருவேன் என்று இனிமேல் நடப்பதைச் சொன்னால் பெரும்பாலும் ஈவன் இஃப். விருந்தினருக்கு “ஆல்தோ யூ கேன்சல், வி வில் ரிட்டர்ன் தி மனி” என்று எழுதினால் அவர் ஏற்கெனவே ரத்து செய்துவிட்டதாகப் படிப்பார். “ஈவன் இஃப் யூ கேன்சல்” என்று எழுத வேண்டிய இடம் அது.

அடுத்து ‘வரை’. “அவர் வரும்வரை காத்திரு” என்பதை “வெயிட் அன்டில் ஹி கம்ஸ்” என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. “பணம் கட்டாதவரை ரசீது தர மாட்டார்கள்” என்று எதிர்மறையில் யோசிக்கும்போதுதான் “அன்டில் யூ டோன்ட் பே, தே வில் நாட் கிவ் தி ரிசீட்” என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘அன்டில்’ பகுதி நேர்மறையாக இருந்தால் போதும்: “தே வில் நாட் கிவ் தி ரிசீட் அன்டில் யூ பே.” ‘அன்லெஸ்’ சொல்லிலும் இதேதான். ‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே ‘இல்லையென்றால்’ இருக்கிறது. “அன்லெஸ் யூ டோன்ட் பே” என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். “அன்லெஸ் யூ பே” என்றாலே “கட்டாவிட்டால்” என்றுதான் பொருள்.

‘வரை’ என்பதை இடத்துக்கும் சொல்கிறோம். கெடுவுக்கு ‘5 மணிக்குள்’ என்று சொல்கிறோம். இந்த இரண்டுக்கும் ‘அன்டில்’ வராது. “இந்த பஸ் சிதம்பரம் வரை போகும்” என்பது “திஸ் பஸ் கோஸ் ஆஸ் ஃபார் ஆஸ் சிதம்பரம்.” “5 மணிக்குள் அனுப்புங்கள்” என்பது “ப்ளீஸ் சென்ட் இட் பை 5.” ‘அன்டில் 5’ என்று எழுதினால் 5 மணிவரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று ஆகும்.

‘ஏனென்றால்’ இன்னொரு பொறி. தமிழில் அது புது வாக்கியத்தைத் தொடங்கும். “நான் வரவில்லை. ஏனென்றால் காய்ச்சல்.” இதில் எந்தக் குறையும் இல்லை. அதே பழக்கத்தில் “ஐ டிட் நாட் கம். பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்.” என்று நடுவில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் இது பிழை. ‘பிகாஸ்’ பகுதி தனியாக நிற்காது. முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுச் சேர்த்து எழுதுங்கள். அதேபோல் “காரணம் என்னவென்றால்” என்பதற்கு “தி ரீசன் இஸ் பிகாஸ்” என்று எழுத வேண்டாம். ‘தி ரீசன் இஸ் தட்’ என்பதுதான் முறை.

கடைசியாக ‘என்று’. இது தமிழுக்கு மிகப் பெரிய வசதி. யார் எதைச் சொன்னாலும், கேட்டாலும், நினைத்தாலும் ‘என்று’ போட்டு ஒட்டிவிடலாம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வழி. செய்தியாக இருந்தால் ‘தட்’: “ஹி செட் தட் தி ரூம் வாஸ் ரெடி.” கேள்வியாக இருந்தால், கேள்விச் சொல்லே இணைப்பாகிவிடும்; ‘தட்’ கூடாது. பாண்டியில் ஒரு பயணி உங்களிடம் மணக்குள விநாயகர் கோயில் எங்கே என்று கேட்டார். அதை நண்பருக்கு எழுதும்போது “ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் இஸ் தி டெம்பிள்” என்று எழுதினால் இரண்டு தப்பு. ‘தட்’ தேவையில்லை, அப்புறம் கேள்வியின் வரிசையையும் சாதாரண வாக்கிய வரிசைக்கு மாற்ற வேண்டும்: “ஹி ஆஸ்க்ட் மீ வேர் தி டெம்பிள் வாஸ்.” ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வியாக இருந்தால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’: “ஹி ஆஸ்க்ட் மீ இஃப் தி டெம்பிள் வாஸ் ஓபன்.” ‘ஐ டோன்ட் நோ’ என்று தொடங்கும்போதும் இதே விதி. “ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்” என்பதுதான் சரி, ‘வேர் இஸ் ஹி’ அல்ல.

‘டோல்ட்’ என்ற சொல்லுக்கு யாரிடம் என்பது உடனே வர வேண்டும். “ஹி டோல்ட் தட்” என்பது குறை வாக்கியம். “ஹி டோல்ட் மீ தட்” என்று எழுதுங்கள், அல்லது “ஹி செட் தட்” என்று மாற்றுங்கள்.

மூன்றாம் படி: இணைப்புக்குப் பின்னால் காலம்

“பாண்டி போனதும் போன் பண்றேன்.” இனிமேல் நடக்கப்போவதுதான், ஆனாலும் ‘போனதும்’ என்று இறந்தகால வடிவத்தில்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிகழ்காலம் வரும்: “வென் ஐ ரீச் பாண்டி, ஐ வில் கால் யூ.” நாளைக்குத்தானே என்று யோசித்து “வென் ஐ வில் ரீச்” என்று எழுதுவது பிழை. நேரத்தையோ நிபந்தனையையோ சொல்லும் இஃப், வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ், அன்லெஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விதி. இணைப்பு இருக்கும் பகுதியில் ‘வில்’ வேண்டாம், மற்ற பகுதியில் மட்டும் ‘வில்’.

‘இஃப்’ மூன்று படியாக வரும். நடக்க வாய்ப்புள்ளது: “இஃப் இட் ரெயின்ஸ், வி வில் ஸ்டே ஹோம்.” வெறும் கற்பனை: “இஃப் ஐ ஹேட் எ பைக், ஐ வுட் கோ டு சில்வர் பீச் எவ்ரி ஈவ்னிங்.” நடந்து முடிந்து இனி மாற்ற முடியாதது: 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. அதைப் பற்றி ஒருவர் வருந்தி எழுதினால், “இஃப் சைக்ளோன் தானே ஹேட் நாட் ஹிட் அஸ், தோஸ் ட்ரீஸ் வுட் ஹேவ் சர்வைவ்ட்.” கவனியுங்கள், ‘வுட்’ எப்போதும் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. “இஃப் ஹி வுட் ஹேவ் கம்” என்று ‘இஃப்’ பக்கம் ‘வுட்’டைக் கொண்டுவந்தால் பிழை.

நான்காம் படி: பின்னால் வருவது வாக்கியமா, பெயரா?

பிகாஸ், ஆல்தோ, வைல் மூன்றுக்கும் பின்னால் வினையோடு ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். பிகாஸ் ஆஃப், டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப், டியூரிங் நான்குக்கும் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும், அல்லது டியூரிங் தவிர மற்றவற்றில் ‘இங்’ சேர்ந்த வினை. “பிகாஸ் இட் ரெயின்ட்”, “பிகாஸ் ஆஃப் தி ரெயின்.” “ஆல்தோ ஹி வாஸ் சிக்”, “டெஸ்பைட் ஹிஸ் சிக்னெஸ்.” ‘டெஸ்பைட் ஆஃப்’ என்று ஒன்று கிடையாது. ‘இன் ஸ்பைட்’ மட்டும்தான் ‘ஆஃப்’ கேட்கும்.

இதைப் பிடித்துக்கொண்டால் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்காரர்கள் பயப்படுகிற சிம்பிள், காம்பவுண்டு, காம்ப்ளக்ஸ் மாற்றும் கேள்வி பாதி முடிந்துவிடும். ஒரே செய்தி, மூன்று உடை:

சிம்பிள்: “இன் ஸ்பைட் ஆஃப் தி ஹெவி ரெயின், தி பஸ் ரீச்ட் பண்ருட்டி ஆன் டைம்.” முழு வினை ஒன்று.

காம்பவுண்டு: “இட் ரெயின்ட் ஹெவிலி, பட் தி பஸ் ரீச்ட் பண்ருட்டி ஆன் டைம்.” வினை இரண்டு, நடுவில் அண்ட், பட், ஆர், சோ போன்ற ஒன்று.

காம்ப்ளக்ஸ்: “ஆல்தோ இட் ரெயின்ட் ஹெவிலி, தி பஸ் ரீச்ட் பண்ருட்டி ஆன் டைம்.” வினை இரண்டு, ஒரு பகுதி மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறது.

காரணத்துக்கு இதே வரிசையில் பிகாஸ் ஆஃப், சோ, பிகாஸ். நிபந்தனைக்கு இன் கேஸ் ஆஃப், ஆர், அன்லெஸ் அல்லது இஃப். ‘டூ ... டு’ சிம்பிளாக இருந்தால் ‘சோ ... தட்’ காம்ப்ளக்ஸ்: “தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்” என்பதை “தி பாக்ஸ் இஸ் சோ ஹெவி தட் வி கேன்நாட் லிஃப்ட் இட்” என்று மாற்றும்போது ‘நாட்’டை மறந்துவிடாதீர்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். விடைத்தாளில் விடையை எழுதியதும் முதல் படியில் சொன்னபடி வினையை எண்ணிப் பாருங்கள். சிம்பிள் கேட்டு உங்கள் விடையில் இரண்டு முழு வினை இருந்தால், அது சிம்பிள் இல்லை.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் அங்கே படிக்கிறவர்கள் ‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’ கேள்வியில் அதிகம் உழைக்க வேண்டும். மேலே ‘என்று’ பற்றிச் சொன்னதுதான் அதற்கு அடிப்படை.

ஐந்தாம் படி: ஹவெவர், தேர்ஃபோர், மோரோவர்

இவை இணைப்புச் சொல் போலத் தோன்றும். இலக்கணப்படி இரண்டு வாக்கியங்களைக் கட்டும் வலு இவற்றுக்கு இல்லை. அதனால் “இட் ரெயின்ட், ஹவெவர் வி வென்ட்” என்று கமா வைத்து எழுதக் கூடாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ முன்னால் வைத்து, பின்னால் கமா வையுங்கள்: “இட் ரெயின்ட். ஹவெவர், வி வென்ட்.” புதிதாக எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: முதல் ஆறு மாதத்துக்கு ஹவெவர் வேண்டாம், ‘பட்’டே போதும். கடிதத்துக்குக் கனம் சேர்ப்பதற்காக வரிக்கு வரி மோரோவர் போடுவதை விட்டுவிடுங்கள். படிக்கிறவருக்கு அது சுமை.

கமாவுக்கும் ஒரே ஒரு வழக்கம் போதும். ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘இஃப்’ பகுதி முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா. ‘பிகாஸ்’, ‘இஃப்’ பகுதி பின்னால் வந்தால் பொதுவாகக் கமா வேண்டாம். ‘பட்’, ‘சோ’ இரண்டு முழு வாக்கியங்களை இணைத்தால் அவற்றுக்கு முன்னால் கமா.

ஆறாம் படி: ஜோடிச் சொற்கள்

போத் என்றால் அண்ட், ‘போத்... ஆஸ் வெல் ஆஸ்’ கிடையாது. ஈதர் என்றால் ஆர், நைதர் என்றால் நார், நாட் ஒன்லி என்றால் பட் ஆல்சோ. இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல் இருக்க வேண்டும்: “ஷி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்சோ ஃபிரெஞ்ச்.” ஈதர், நைதர் வரும்போது வினை அருகில் இருக்கும் பெயரைப் பார்க்கும்: “நைதர் தி மேனேஜர் நார் தி ஒர்க்கர்ஸ் வேர் தேர்.” ‘நோ சூனர் ... தேன்’ தேர்வுக்குத் தெரிந்திருக்கட்டும். ‘நோ சூனர்’ முன்னால் வந்தால் ‘டிட்’ அல்லது ‘ஹேட்’ உடனே வர வேண்டும், ‘வென்’ அல்ல ‘தேன்’ வர வேண்டும். நடைமுறையில் ஆஸ் சூன் ஆஸ் எழுதினாலே போதும்.

ஒரு விடுப்புக் கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

இதுபோன்ற கடிதம் வாரத்துக்கு ஒன்றாவது யாராவது கொண்டுவந்து காட்டுவார்கள்:

“ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சோ ஐ கேன்நாட் கம் டு ஒர்க் டுடே. ஆல்தோ ஐ டுக் எ டேப்லட் பட் தி ஃபீவர் ஹேஸ் நாட் கம் டவுன். தி டாக்டர் டோல்ட் தட் அன்டில் தி ஃபீவர் டஸ் நாட் கோ டோன்ட் கோ அவுட். வென் ஐ வில் பி வெல் ஐ வில் கம்.”

முதல் வரியில் ‘ஆம் சஃபரிங்’, ‘கேன்நாட் கம்’ என்று வினை இரண்டு. இணைப்பு ஆஸ், சோ என்று இரண்டு. ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டில் ‘சோ’வை வைத்துக்கொள்வது எளிது, வாக்கியமும் நேராக இருக்கும். இரண்டாம் வரியில் அதே கணக்கு, ‘பட்’ போகட்டும். மூன்றாம் வரியில் மூன்று சிக்கல்: ‘டோல்ட்’ யாரிடம் என்று இல்லை, ‘அன்டில்’ பக்கம் எதிர்மறை, டாக்டர் நேராகச் சொன்ன கட்டளை அப்படியே உள்ளே புகுந்திருக்கிறது. கட்டளைக்கு ‘தட்’ வேண்டாம், ‘டோல்ட் மீ டு’ போதும். நான்காம் வரியில் ‘வென்’ பக்கம் ‘வில்’ இருக்கிறது. இப்போது:

“ஐ ஹேவ் எ ஃபீவர், சோ ஐ கேன்நாட் கம் டு ஒர்க் டுடே. ஆல்தோ ஐ டுக் எ டேப்லட், தி ஃபீவர் ஹேஸ் நாட் கம் டவுன். தி டாக்டர் டோல்ட் மீ டு ஸ்டே அட் ஹோம் அன்டில் இட் கோஸ். வென் ஐ ஆம் வெல், ஐ வில் கம் பேக்.”

சொற்கள் பெரும்பாலும் அவர் எழுதியவைதான். புதிதாகக் கடினமான சொல் எதுவும் சேர்க்கவில்லை. ‘சஃபரிங் ஃப்ரம்’ என்பதை ‘ஹேவ்’ ஆக்கியது இலக்கணத்துக்காக அல்ல. ஒரு நாள் காய்ச்சலுக்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டியதில்லை.

பழகும் முறை

பாண்டியில் இருப்பவர்களுக்கு 1827 முதல் இயங்கிவரும் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, கடலூரில் இருப்பவர்களுக்கு மாவட்ட மைய நூலகம். ஆங்கில நாளிதழில் உள்ளூர்ச் செய்தி ஒன்றை எடுத்து ஒரு பத்தியை மட்டும் நோட்டில் நகல் எழுதுங்கள். செய்தி தமிழில் படித்துத் தெரிந்ததாக இருந்தால் இன்னும் நல்லது, பொருளுக்காகத் திணற வேண்டாம். முழு வினைகளுக்கு அடிக்கோடு, இணைப்புச் சொற்களுக்கு வட்டம். பிறகு எண்ணிப் பாருங்கள். கணக்கு எங்கே இடிக்கிறதோ அங்கே மறைந்திருக்கும் ‘தட்’டையோ, ‘ஹூ’, ‘விச்’சையோ தேடுங்கள், அரைப்புள்ளி இருந்தால் அதுவும் இணைப்பின் வேலையைச் செய்திருக்கும்.

அடுத்த நாள் வேலையைத் தமிழிலிருந்து தொடங்குங்கள். அன்று நடந்ததில் ஐந்து வாக்கியம், ஒவ்வொன்றிலும் வேறு விகுதி: ஒன்றில் ‘-ததால்’, ஒன்றில் ‘-ஆலும்’, ஒன்றில் ‘வரை’, ஒன்றில் ‘என்று’, ஒன்றில் ‘-ததும்’. அவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதியதும் இந்த வரிசையில் சோதியுங்கள்: வினை எத்தனை, இணைப்பு எத்தனை, இணைப்பு சரியான பகுதிக்கு முன்னால் இருக்கிறதா, அதே பகுதியில் ‘வில்’லோ தேவையில்லாத ‘நாட்’டோ நுழைந்திருக்கிறதா. வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பும் செய்தியைக்கூட அனுப்பும் முன் ஒரு முறை இப்படி எழுதிப் பார்க்கலாம். பேச்சுக்கும் அது உதவும், ஏனென்றால் இணைப்புச் சொல்லை வாய் திறக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தமிழைப் போல வினை வரும்வரை தள்ளிப்போட முடியாது.